போய் என்றால் பாதி

"இங்கிலீஷ்ல ரெண்டு தரம் கோட்ட விட்டவ, நீயாடி ஸ்பானிஷ் பேசப்போற?"

திருவையாற்றுப் பக்கம் வயல் நடுவே விருந்தினர் விடுதி நடத்தும் ஷோபனா ஒருநாள் இப்படிக் கேட்டாள். அரிசி களைந்தபடி சுடர்விழி ஸ்பானிஷ் சொற்களை முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. பத்தாவதோடு நின்ற சுடர்விழிக்குச் சமையலறைதான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. முன்கட்டில் நின்று விருந்தாளிகளோடு பேசும் வேலைக்குக் கும்பகோணத்திலிருந்து கனிமொழி என்ற பட்டதாரி ஒன்றாம் தேதி வருகிறாள். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று சுடர்விழி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த நோட்டுக்கு மட்டும் தெரியும். கைப்பேசியில் பாடம் கேட்டு எழுதிய ஸ்பானிஷ் சொற்கள் அதில் தமிழ் எழுத்தில் நிறைந்திருந்தன.

சம்பா நடவு பார்க்க ஸ்பெயினிலிருந்து பிலார் என்ற பெண்மணி வந்தார். அங்கே அவரும் நெல் விவசாயிதான். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை. முதல் நாள் மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது சுடர்விழி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் "பெங்கோ" என்றாள். நோட்டில் அதற்கு 'வர்றேன்' என்று சரியாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ஷோபனா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வர்றேன்னுட்டு எங்கடி போன? நீ வந்துருவன்னு அந்தம்மா சாப்புடாம உக்காந்திருந்துச்சு. இட்லியெல்லாம் கல்லாப் போச்சு!"

"வீட்டுக்குத்தாங்கா போனேன். கிளம்புறப்ப வர்றேன்னுதானே சொல்லுவோம்?"

"அது நமக்கு. அவங்க ஊருல வர்றேன்னா வரணும்டி!"

விஷயத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டியதும் பிலார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நோட்டை வாங்கி, போவதைக் குறிக்கும் வினைச்சொல்லைச் சொல்லிச் சொல்லி எழுதினார். இர். அதிலிருந்து நான் போகிறேன் என்றால் போய், நீ போகிறாய் என்றால் பாஸ், அவள் பா, நாம் பாமோஸ், அவர்கள் பான். இர் எங்கே, போய் எங்கே? சுடர்விழி அதற்கு மலைக்கவில்லை. வா என்பதுதானே நம்மிடம் வந்தேன் என்று ஆகிறது? அவளுக்கு உறுத்தியது வேறு. கிளம்பும்போது வெறும் 'போய்' என்று சொல்லிவிட்டு யாராவது படியிறங்குவார்களா?

"போய் இல்லங்க. போய்... வர்றேன்." கையை வாசல் பக்கம் நீட்டி, மறுபடி தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள்.

பிலாரின் புருவம் உயர்ந்தது. "போய் இ புவெல்போ!" என்றார். போகிறேன், திரும்பி வருகிறேன். அந்தச் சொல்லும் நோட்டில் ஏறியது.

அதன்பிறகு தினமும் காலையில் பிலார் "பாமோஸ்" என்பார். இருவரும் வரப்பில் இறங்கிவிடுவார்கள். நாற்று, மடை, களை என்று ஒவ்வொன்றும் இரண்டு பெயரோடு திரும்பி வரும். யாரிடமும் அதிகம் பேசாதவள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவதை ஷோபனா மாடியிலிருந்து பார்த்தாள்.

மாதக் கடைசியில் கார் வந்து நின்றது. மறுநாள் கனிமொழி வருகிறாள். பிலார் ஏறுமுன் சுடர்விழியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஷோபனாவிடம் ஸ்பானிஷில் மளமளவென்று ஏதோ சொன்னார். பிறகு நல்ல தமிழில், "போய் வர்றேன்" என்றார். கார் சாலை திரும்பி மறைந்தது.

"என்னடி சொல்லிட்டுப் போவுது?"

"தை அறுவடைக்குப் பன்னெண்டு பேரோட வர்றாங்களாம்க்கா."

"அப்புறம்? உன்னயில்ல காட்டிக் காட்டிச் சொல்லுச்சு?"

சுடர்விழி தரையைப் பார்த்தாள். "முன்கட்டுல... நான் இருந்தாத்தான் வருவாங்களாம்."

ஷோபனா கைப்பேசியில் கனிமொழியின் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பிலிருந்த முன்கட்டுச் சாவியை எடுத்துச் சுடர்விழியின் உள்ளங்கையில் வைத்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்து வழியும் வாசனை வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.