குறுக்கே ஒரு ஸ்டூல்

1

பக்கத்துக் கடைக்காரர்மேல் வைக்கும் நம்பிக்கையின் விலை: ஒரு மர ஸ்டூல். பேரம் கிடையாது.

இந்தக் கதை எனக்குக் கொசுறாக வந்தது. பூட்டு வாங்கப் போனேன். விலையில் இம்மியும் இறங்காத இரும்புக்கடைக்காரர், என் முகம் சுருங்கியதைப் பார்த்து இதைச் சொன்னார். வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன் நான். கொசுறை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லை.

அந்தத் தெருவின் வழக்கம் இதுதான். வெளியே போகிறவர் தன் கடை வாசலில் குறுக்காக ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போவார். யாராவது வாங்க வந்தால் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து விற்றுத் தருவார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்தத் தெருவில் காலம் உறைந்து…' (வேண்டாம். காலம் உறைந்துவிட்டால் வியாபாரம் யார் செய்வது?)

இரும்புக்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் பழைய பஞ்சாங்கம். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பட்டன் கடை திறந்தபோது, "பொம்பளைக்கு எதுக்கும்மா கடை?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர். அவள் கணவனுக்குச் சிறுநீரகம் பழுது. டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் நாட்களில் ஸ்டூல் குறுக்கே விழும். பஞ்சாங்கம் முணுமுணுத்துக்கொண்டே போய் பட்டன் விற்பார்.

(இவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். சுலபமான வேலை, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ஆணி அள்ளிய விரலால் சட்டைத் துணிக்குப் பட்டன் நிறம் பொருத்திப் பார்க்கிற மனிதரை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை.)

3

நகராட்சி புது விதி போட்டது. வியாபாரம் நடக்கும் ஒவ்வொரு கூடத்திலும் பொறுப்பாளர் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் ரத்து.

ஆய்வாளர் பட்டன் கடை வாசலில் ஸ்டூலைப் பார்த்தார். "அடுத்த தடவை இது இப்படிக் கிடந்தா கடைக்கு சீல்தான்."

"அரசாங்கம் ரோடு போடட்டும், திருடனப் பிடிக்கட்டும் சார். ஸ்டூலுக்கு என்னத்துக்கு சட்டம்?" என்றார் பஞ்சாங்கம்.

"அப்ப சட்டத்த மீறலாம்கிறீங்க?"

கேட்டது பஞ்சாங்கத்திடம். சட்டத்தை மதிக்காத தெரு உருப்படாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். புதியதோடு மல்லுக்கு நிற்க அவருக்குத் தெரியும். அவர் மதிக்கிற இரண்டு பழையவை, தெரு வழக்கமும் சட்டமும், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்?

4

ஒரு முடிவு: மனு கொடுக்கிறார்கள், அதிகாரி மனம் உருகி… (நானே வாங்காத சரக்கை உங்கள் தலையில் எப்படிக் கட்டுவேன்?)

இன்னொரு முடிவு: அவள் கடையை மூடிவிட்டு… (அடித்துவிட்டேன். அடித்த கோடு மட்டும் இருக்கட்டும்.)

அவர் செய்தது வேறு. விதியை வரி வரியாகப் படித்துவிட்டு அவளிடம் போனார்.

"ஏம்மா, நடுச் சுவர எடுத்துட்டா ரெண்டும் ஒரே கூடம். ஒருத்தர் இருந்தா போதும்."

"உங்க கடைச் சுவரா? இடிக்கவா?"

"வழக்கம் நிக்கணும்னா சுவர் போகட்டும்."

"உரிமம் யார் பேருலண்ணே?"

"என் பேருல இருக்கட்டுமே. உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"அப்ப சுவரே இருக்கட்டும்."

"கொஞ்சம் இறங்கி வாம்மா."

"ரெண்டு உரிமம், ரெண்டு கல்லா, ரெண்டு பேர்ப்பலகை. நீங்க வெளிய போனா ஆணி நான் விப்பேன்."

"ஆணியில உனக்கு என்ன தெரியும்?"

"பட்டன்ல உங்களுக்கு என்ன தெரிஞ்சுதாம்?"

அவர் சிரிப்பை மீசைக்குள் அமுக்கினார்.* "சரி. என் பலகை ஒரு சாண் மேல இருக்கும்."

"இருக்கட்டும்ணே. வெயில் முதல்ல உங்களுக்குத்தான் அடிக்கும்."

* மீசை என் சேர்க்கை. அவருக்கு இல்லை. சிரிப்பு உண்டு.

5

சுவர் விழுந்துவிட்டது. ஆய்வாளர் நாளைக் காலை வருகிறார். இது ஒரே கூடம்தான் என்று ஒப்புக்கொள்வாரா? நான் எழுதினால் ஒப்புக்கொள்ள வைத்துவிடுவேன். அது அந்த இருவருக்கும் மரியாதை இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்.

போனது: ஒரு சுவர்.

வந்தது: இரண்டு பலகைகள், ஒரு சாண் வித்தியாசத்தில்.

மாறாதது: அவர் கொள்கை. பொம்பளைக்கு எதற்குக் கடை என்று இன்னமும் கேட்கிறார், அவள் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டே.

பாக்கி: ஆய்வாளரின் ஒரு கையெழுத்து.