பெரியவர் நிக்கிறார்

கல்முனைக்குடியில் ஜவுபர் மாஸ்டரின் வாயிலிருந்து தப்பியவர்கள் குறைவு. பாங்கு சொல்லும் மோதினாருக்கு ஒரு பட்டப்பெயர், இறைச்சிக்கடைக்காரருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்து அதிபருக்கு இரண்டு. வைத்த பெயர் ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் ஓடிவிடும். வைத்தவர் மட்டும் ஒன்றும் அறியாதவர்போல் சைக்கிளில் போவார். மனிதர் கெட்டவரில்லை. நாக்கு கொஞ்சம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

நாக்குக்கு அடுத்தபடியாக ஊர் பேசியது அவருடைய நடையைப் பற்றி. லீவு விட்டால் போதும், மனைவி நஸீறாவையும் ஏழு வயது மகள் நதீராவையும் கூட்டிக்கொண்டு களப்போரம், கடற்கரைக் காடு, பழைய கல்தூண் கிடக்கிற புதர்ப் பற்றை என்று நடக்கக் கிளம்பிவிடுவார். விறகு வெட்டப் போவதில்லை, மீன் வாங்கப் போவதில்லை, சும்மா நடக்க! கொக்கைப் பார்த்தோம், நாரையைப் பார்த்தோம் என்று வெயிலில் கறுத்துத் திரும்பி வருகிற குடும்பத்தைக் கண்டு ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மாமனார் ஆதம்பாவா. தேத்தண்ணிக்கடையில் யாராவது வாயைத் திறந்தால், "எங்கட மாஸ்டர் படிச்ச மனிசன். காரணமில்லாம நடக்கமாட்டார்" என்று ஒரே பேச்சில் அடைத்துவிடுவார்.

கலியாணம் முடித்த நாள் முதல் ஜவுபர் இருப்பது அந்த மாமனார் கட்டிக்கொடுத்த வீட்டில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் மாமா உள்ளே வந்தால் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், சிகரெட்டை மறைக்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஊரையே நாக்கால் புரட்டுகிற ஜவுபர் மாமனார் முன்னால் ஊமை. அந்த ஊமைத்தனத்தை ஆதம்பாவா அடக்கம் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பு கெட்டுவிடக்கூடாது என்பதில் ஜவுபருக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது.

பெரிய சூறாவளி அடித்து மூன்றாம் வருஷம். நோன்புப் பெருநாள் கழிந்து, ஓகஸ்ட் லீவு. பொத்துவிலுக்குத் தெற்கே சரணாலயக் காட்டுப் பக்கம் போவதென்று ஜவுபர் ஆயத்தமானபோது ஆதம்பாவா வந்து வாசலில் நின்றார்.

"மாஸ்டர், நானும் வரட்டா? ஒங்கட நடையில என்னதான் இருக்கெண்டு எனக்கும் பாக்க ஆசை."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "வாங்க மாமா" என்றார் ஜவுபர். மனதுக்குள் அன்றைய நாளுக்கு, இறந்தவருக்கு ஓதுவதுபோல், யாசீன் ஓதி முடித்தார்.

பொத்துவில் வரை பஸ், அதற்கப்பால் உழவு மெசினின் பெட்டியில் குலுங்கல். காட்டு வாசலில் கோணாமலை காத்து நின்றார். களப்பில் வலை வீசுகிறவர். அந்தப் பாதைகள் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், உள்ளுக்குப் போனாப் பிறகு அந்தப் பேரைச் சொல்லப்படாது. தும்பிக்கை உள்ளவர்ர பேர். பெரியவர் எண்டுதான் சொல்லணும். பேரைச் சொன்னா கூப்பிட்ட மாதிரி."

"எங்கட வயல் காவலிலயும் அப்பிடித்தான்" என்றார் ஆதம்பாவா. பிறகு இருவரும் வெள்ளாமையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள்.

பின்னால் வந்த ஜவுபரின் கண் மாமனாரின் முதுகில் விழுந்தது. ஆதம்பாவா ஆள் பருமன். ஒரு முழங்கால் நோவு. அதனால் அசைந்து அசைந்துதான் நடப்பார். காது இரண்டும் சாதாரணக் காதில்லை, விரித்துவைத்த வெற்றிலை. எதிர்வெயிலில் அவை சிவப்பாக ஒளிவிட்டன. இத்தனை வருஷம் அடக்கி வைத்த நாக்கு அந்த இடத்தில் அறுத்துக்கொண்டு ஓடியது.

குனிந்து மகளின் காதில் சொன்னார்: "புள்ள, சத்தம் போடாத. நம்மட பெரியவர் முன்னால போறார் பாரு."

நதீரா பார்த்தாள். காதைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"தும்பிக்கை எங்க வாப்பா?"

"அது முன்பக்கம் கிடக்கு. இஞ்ச இருந்து தெரியாது."

நஸீறா கணவனின் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "எங்கட வாப்பாவயா?" என்று அவள் கோபித்தாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளும் சிரித்துத்தான் விட்டாள். அதுதான் ஜவுபருக்குக் கொம்பு சீவிவிட்டது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. சூறாவளி முறித்துப் போட்ட பாலை மரத்தை ஆதம்பாவா சுற்றிக்கொண்டு போனால் "பெரியவருக்கு இந்த அகலப் பாதை காணாது." ஒரு இலையைப் பிய்த்து மோந்து பார்த்தால் "பெரியவருக்குப் பசி." கல்தூண்கள் நிற்கிற பழைய இடத்துக்கு வந்து, எந்தக் காலத்து ராசா கட்டியதோ என்று அவர் ஒரு தூணில் முதுகைச் சாய்த்தபோது, நதீராவே முந்திக்கொண்டாள்: "வாப்பா, பெரியவர் முதுகு தேய்க்கார்!"

"என்ன எங்கட புள்ள இண்டைக்கு இப்பிடிச் சிரிக்கா?" என்று ஆதம்பாவா கேட்டார். அவள் சிரிப்பைக் கண்டு அவர் முகமும் மலர்ந்து போயிருந்தது. "மாஸ்டர், இப்பதான் வெளங்குது. இந்தச் சிரிப்புக்காகத்தான் நீங்க கூட்டித் திரியிறீங்க."

ஜவுபர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமானது. கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வருகிறேன் என்று ஆதம்பாவா பற்றைகளுக்கப்பால் களப்புக் கரைக்கு இறங்கினார். கோணாமலை சுற்றிப் பார்க்கப் போனார். போனவர் உடனே குனிந்து குனிந்து திரும்பி வந்தார். கை மேலே நின்றது.

"பெரியவர் நிக்கிறார். தண்ணிக்கரையில. ஆரும் அசையப்படாது."

ஜவுபருக்கு ஒரு நொடி கூட வேறு நினைப்பு வரவில்லை. தன் பகிடி கோணாமலை வரைக்கும் எட்டிவிட்டதென்றுதான் நினைத்தார். கரையில் நிற்பது மாமாதானே! வாய்விட்டுச் சிரித்தார். "நிக்கட்டும், நிக்கட்டும். தண்ணி குடிச்சுப்போட்டு வரட்டும்!"

"பெரியவரே! பெரியவரே!" என்று கூவிக்கொண்டு நதீரா கரையை நோக்கி ஓடினாள்.

கோணாமலையின் முகம் போன போக்கைக் கண்ட பிறகுதான் ஜவுபருக்கு உறைத்தது. அவர் ஓடினார், நஸீறா அலறிக்கொண்டு ஓடினாள். பற்றையைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. களப்புச் சேற்றில் ஒற்றைக் கொம்பன் நின்றது. நதீரா அதன் முன்னால், கூப்பிடு தூரம் கூட இல்லை, விறைத்துப்போய் நின்றாள். அதற்குள் இடது பக்கத்துத் தண்ணீரிலிருந்து ஆதம்பாவா எழும்பி வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஓடினாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பிள்ளையை அள்ளித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நனைந்த சாரத்தோடு ஆனைக்கு நேரே அசையாமல் நின்றார்.

கோணாமலை உரத்த குரலில் முருகன் மேல் ஆணையிட்டு, போகச் சொல்லிக் கேட்டார். ஆனை காதை ஒரு தரம் வீசியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனது.

எல்லாரும் கல்தூண்களுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முதலில் வெடித்தவர் கோணாமலை.

"மாஸ்டர், நான் சொல்லிப்போட்டுத்தானே கூட்டி வந்த நான்? பெரியவர் எண்டு சொல்லியும் புள்ளைய ஓடவிட்டுச் சிரிக்கிறீங்களே, என்ன மனிசன் நீங்க!"

"அவர ஏசாதீங்க கோணாமலை" என்றார் ஆதம்பாவா மூச்சு வாங்க. "மாஸ்டர் அப்பிடிப்பட்ட ஆளில்ல. புள்ளதான் வெளங்காம ஓடியிருக்கும்." பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டார். "ஏன் மகள் ஓடி வந்த நீங்க?"

நஸீறா எழும்பினாள். ஜவுபர் மகளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். ஏழு வயதுக்கு அந்தக் கெஞ்சல் எங்கே விளங்கப்போகிறது?

"பெரியவர் எண்டா மூத்தாப்பாதானே" என்றாள் நதீரா அழுகையோடு. "வாப்பாதான் சொன்னார். மூத்தாப்பாட காது அப்பிடி, நடையும் அப்பிடியெண்டு. உம்மாவும் சிரிச்சா." இரண்டு கையையும் காதோரம் வைத்து ஆட்டியும் காட்டினாள்.

ஜவுபருக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனை தன்னையே மிதித்திருக்கக்கூடாதா என்று உண்மையாகவே நினைத்தார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமா அடித்தாலும் பரவாயில்லை, ஏசினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமே.

ஆதம்பாவா அவரைப் பார்க்கவில்லை. மருமகனுக்காகக் கொஞ்சம் முன் வாதாடிய வாயைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு பேத்தியின் தலையைத் தடவினார். "வாப்பா பகிடிக்குச் சொன்னதும்மா. பிழையில்ல."

"வாப்பா..." என்று நஸீறா தொடங்கினாள்.

"நேரம் போகுது புள்ள. தொழுவம்." தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "மாஸ்டர், முன்னுக்கு நில்லுங்க. நீங்கதான் தொழுவிக்கணும்."

"நீங்க நில்லுங்க மாமா. நான் வேணாம்." ஜவுபரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எனக்கு ஓதல் காணாது. படிச்சவர் நீங்க நிக்கக்குள்ள நான் நிக்கிறது முறையில்ல."

முறையாம். ஜவுபர் வுழூச் செய்துகொண்டு போய் நின்றார். லுஹருக்குச் சத்தமாக ஓதத் தேவையில்லை என்பது அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே தயவு. ஊரெல்லாம் கேட்கப் பேசிய நாக்கு தொடக்கத்தில் ஓதுகிற அல்ஹம்துவிலேயே இரண்டு தரம் தடுக்கியது. அருகே மாமனார் மடங்காத முழங்காலோடு ருகூவுக்குக் குனிவதும், ஸஜ்தாவிலிருந்து எழும்ப ஒரு முனகலோடு கையூன்றுவதும் கேட்டது. மாப்புக் கேட்க வேண்டும், தொழுது முடிந்ததும் காலைப் பிடித்தாவது கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு ரக்அத்திலும் சொல் கூட்டினார். நாலு சொல் சேரவில்லை.

கடைசி இருப்பு முடிந்து ஸலாம் கொடுக்க வலது பக்கம் திரும்பினார். அங்கேதான் ஆதம்பாவா இருந்தார், கண்ணைத் தாழ்த்தி, தன் ஸலாமுக்காகக் காத்துக்கொண்டு. அந்தக் கொதிக்கிற வெயிலில், துண்டை இரண்டு காதும் மூடும்படி இறுக்கிக் கட்டியிருந்தார்.