கரியாலூர் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. அதை வாயால் சொல்லவில்லை. ஒரு பழைய செட்டாப் பாக்ஸையும் ஒரு டைமரையும் வைத்துச் சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கல்வராயன் மலைமேல் மேகங்கள் நினைவுகளைப் போலத் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில்"

நிறுத்திவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்ததன் விளைவு. அவற்றில் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஏதாவது தவழும். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது தொடக்கம்: "உபகாரமேரி அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். எதிரில் யாருமில்லை." (இது பரவாயில்லை. ஆனால் கதையின் கடைசி வரியை முதல் வரியிலேயே கொடுத்த மாதிரி இருக்கிறது.)

ஆகவே, அறையிலிருந்து தொடங்குகிறேன்.

2

அந்த அறையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்களாம். ஓசூரில் என் அலுவலகத்தில் ஏசியைப் போடும்போதெல்லாம், முதல் காற்றில் வரும் தூசி வாசனை என்னை அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஒரு பக்கம் விளக்கு மினுக்கும் இயந்திரங்கள். மறுபக்கம் நீலத் திரை, ஒரு கேமரா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் எங்கள் கேபிள் நிறுவனத்தின் உள்ளூர் சேனல். நான் அங்கே டெக்னீஷியன். மாலை ஐந்து மணிக்கு மேரி அக்கா வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். பகலில் ஜவுளிக்கடையில் நின்ற கால் வீங்கியிருக்கும். கேமராவில் கால் தெரியாது.

நிகழ்ச்சியின் பெயர் "மலைக்கு ஒரு சேதி". செல்போன் சிக்னல் எட்டாத மலை ஊர்களுக்காகத் தொடங்கியது. ரேஷன் எப்போது போடுவார்கள், தடுப்பூசி என்றைக்கு, எந்த பஸ் நின்றுபோனது, யாருக்குப் பிறந்தநாள், நடுவில் இரண்டு பாட்டு. பதினோரு வருடமாக.

இங்கே கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்; இதில்தான் கதை இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு பிரதி என்று படத்தை அனுப்பினால், மலைக்குப் போகும் எங்கள் ஒல்லியான ரேடியோ இணைப்பு தாங்காது. அதனால் மல்டிகாஸ்ட் என்று ஒரு முறை. ஒரே ஒரு பிரதி மேலே ஏறும். கரியாலூரில் உள்ள எங்கள் இயந்திரம் அதை வாங்கி, கேட்கிற வீடுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும். யாருமே கேட்கவில்லை என்றால் அந்த ஒன்றும் ஏறாது. அனுப்புகிறவருக்கு, கேட்பவர் யார், எத்தனை பேர் என்று எதுவும் தெரியாது. எங்கள் கணினித் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் எரியும்: மேலே யாரோ இருக்கிறார்கள். ஒரு வீடு என்றாலும் அதே புள்ளி, நாற்பது வீடு என்றாலும் அதே புள்ளி.

(புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் இதே நிலைமைதான் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீங்களே நினைத்துக்கொள்வீர்கள்.)

3

மூன்று மாதமாகப் புள்ளி எரியவில்லை. முதலாளி தங்கதுரை அண்ணன் வந்து திரையைத் தட்டிக் காட்டினார்.

"இன்னா மேரி, மலைல ஈ காக்கா பாக்கல. யாருக்கு வாழ்த்து சொல்லிக்கினு இருக்க?"

"யாராச்சும் பாப்பாங்கண்ணே. மழ காலம், கரண்டு இருக்காது."

"மூணு மாசமாவா மழ? மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். ஒரு புள்ளி எரிஞ்சா இருக்கட்டும். இல்லன்னா அந்த எடத்துல கிரிக்கெட்ட ஏத்திடலாம். அத கேக்கறாங்க."

அவர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக்கி ஒரு வரைவு எழுதினேன். மீசை வைத்தேன். எடுபடவில்லை.)

அடுத்த வாரம் காற்றில் திரும்பிப்போன டிஷ்ஷைச் சரிசெய்யக் கரியாலூர் போனேன். டவருக்குக் கீழே உள்ள எங்கள் அறையில் பழைய செட்டாப் பாக்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. போர் மோட்டாருக்கு மாட்டுவார்களே, முள் சுற்றும் உருண்டை டைமர், அது ஒன்று என் பையில் இருந்தது. ஐந்து மணிக்கு எரிந்து ஐந்தரைக்கு அணையும்படி வைத்தேன். அவ்வளவுதான். ஒரு நேயர் பிறந்துவிட்டார்.

மறுநாள் ஐந்து மணி.

"எளவரசு! டேய், இங்க வாயேன்! எரியுதுடா!"

அன்று நிகழ்ச்சி முடிவில் அக்கா கேமராவுக்கு இன்னும் கிட்டத்தில் வந்து சொன்னாள்: "கரியாலூர்ல பாத்துக்கினு இருக்கறவங்களே, நல்லா இருங்க."

4

அந்த நேயர் யார்?

என் கற்பனையில் மூன்று பேர் வந்தார்கள். கம்பளி போர்த்திய, ஓய்வுபெற்ற வனக்காவலர். கடிதம் எதிர்பார்க்கும் பள்ளி ஆசிரியை. பெயரில்லாத ஒரு பயணி. மூவரும் ஏதோ பனி பெய்யும் ஊரிலிருந்து நேராக மலைக்கு வந்தவர்கள். ஒருவருக்கும் மரவள்ளிக் கிழங்கு தோண்டத் தெரியாது.

அக்கா என்னைவிட நல்ல எழுத்தாளர்.

"கைக்கொழந்தக்காரியா இருப்பாடா. அத தூங்க வெச்சிட்டு பாக்கறா."

"எப்டிக்கா சொல்ற?"

"அஞ்சரைக்கு மேல ரொம்ப நேரம் நிக்கறதில்ல பாரு. கொழந்த எழுந்துக்குது."

அன்றிலிருந்து குத்துப்பாட்டு நின்றது. மெல்லிய பாட்டாகப் போட்டாள். "சத்தத்த கம்மியா வெச்சிக்கோம்மா, கொழந்த தூங்கட்டும்" என்று தினமும் கேமராவிடம் சொன்னாள். கரியாலூர் அறையில் டிவியே கிடையாது. பெட்டி மட்டும் சுவரைப் பார்த்து சூடாகிக்கொண்டிருந்தது.

5

நான் ஒன்றை மறந்திருந்தேன். முள் டைமருக்கு மணி தெரியாது. கரண்ட் இருந்தால் சுற்றும், போனால் நிற்கும். மலையில் இருபது நிமிடம் கரண்ட் போனால் என் நேயர் மறுநாள் இருபது நிமிடம் தாமதமாக வருவார்.

ஐந்து இருபது. ஐந்து நாற்பது. ஆறு ஐந்து.

"பாவம்டா, வேலைக்குப் போவ ஆரம்பிச்சிட்டா போல" என்றாள் அக்கா. நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தாள்.

"ஒரு ஆளுக்காக நேரத்த மாத்தறியா நீ?" என்றார் தங்கதுரை அண்ணன்.

"அந்த ஒரு ஆளுதாண்ணே தெனம் வருது. நீங்க கூட வர்றதில்ல."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.*

* இணையத்தில் நேரலைப் படம் துண்டு துண்டாகத்தான் போகிறது. வழியில் ஒரு துண்டு விழுந்துவிட்டால் திரும்பக் கேட்டு வாங்க நேரம் இருக்காது. படம் ஒரு கணம் உடைந்து, அடுத்த துண்டுக்குத் தாவிவிடும். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் —

6

ஐப்பசியில் நிகழ்ச்சி ஆறரைக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா ஜவுளிக்கடைப் பையோடு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி கரியாலூர் போய்ட்டு வரேன்."

"எதுக்குக்கா?"

"அவள பாக்கத்தான். பொடவ ஒண்ணு எடுத்தேன். கொழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர். ஆணா பொண்ணான்னு தெரியல, மஞ்சளா எடுத்துட்டேன்."

"வூடு தெரியாதேக்கா."

"வூடு வூடா கேட்டா ஆச்சு. எம்மாம் பெரிய ஊரு அது?"

ஸ்வெட்டரை விரித்துக் காட்டினாள். அது என் இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தது.

7

சனிக்கிழமை கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, பைக்கில் மலை ஏறினேன். அறையைத் திறக்கும்போது மணி ஆறே முக்கால். பெட்டி சுடச்சுட இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். இந்தப் பதினோரு வருடத்தில் கரியாலூருக்கும் சிக்னல் வந்திருந்தது; அக்காவுக்குப் போன் போட்டேன். பாட்டு ஓடுகிற நேரம், எடுத்தாள்.

"அக்கா, அந்தப் பொம்பள இல்லக்கா."

"எந்தப் பொம்பள?"

"கரியாலூர்ல. யாருமே இல்லக்கா. நான்தான் ஒரு பாக்ஸ டைமர் போட்டு வெச்சேன். அண்ணன் நிறுத்திடுவாருன்னு. இப்ப புடுங்கிட்டேன்."

பாட்டுக்கு நடுவே, கணினிப் பக்கம் அவள் நடந்துபோவது கேட்டது.

"புடுங்கிட்டியா?"

"ஆமாக்கா."

"அப்ப இங்க இன்னும் எரியுதேடா."

8

இந்த இடத்தில் நீங்கள் அறிய வேண்டிய கடைசி இயந்திர விஷயம் இது. டிவி பார்க்கிறவர் சேனலை மாற்றினால், அவர் வீட்டுப் பெட்டி 'போய்வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும். புள்ளி சீக்கிரம் அணையும். பிளக்கைப் பிடுங்கினால் சொல்ல நேரமிருக்காது. கரியாலூர் இயந்திரம் இரண்டு நிமிடம் ஐந்து விநாடிக்கு ஒருமுறை, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். இரண்டு முறை கேட்டும் பதில் வராவிட்டால், இன்னும் பத்து விநாடி பார்த்துவிட்டுத்தான் அணைக்கும். மொத்தம் நான்கு நிமிடம் இருபது விநாடி.

அதுவரை, செத்த பெட்டிக்காகவும் எரியும். உயிருள்ள வீட்டுக்காகவும் எரியும். என் பொய்க்கு அடியில் யாராவது நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்திருந்தால், அது எங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. இதையும் அக்காவிடம் சொன்னேன்.

"நாலு நிமிசமா?"

"நாலு நிமிசம் இருவது செகண்டுக்கா."

"சரி, பாட்டு முடியப்போவுது. கேமரா முன்னாடி ஒக்காரணும்" என்றாள். போனை அணைக்காமல் மேசைமேல் வைத்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் புள்ளி அணைகிறது. அக்கா மஞ்சள் ஸ்வெட்டரை மடித்து வைக்கிறாள். அதில் என்னை நானே தண்டித்துக்கொள்ளும் சுகம் இருந்தது. இன்னொன்றில் புள்ளி அணையவில்லை; ஞாயிற்றுக்கிழமை ஒரு கதவு திறக்கிறது. எழுதும்போது அழுதேன். ஆனால் ஒருமுறை அந்தப் புள்ளியை நானே எரியவைத்திருக்கிறேன். மறுபடியும் எரியவைத்தால் நீங்கள் என்னை நம்ப வேண்டிய அவசியமில்லை. உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்லும் தகுதிதான் இல்லை.

நான்கு நிமிடத்தை மட்டும் உங்களிடம் தருகிறேன்.

சூடு ஆறாத பெட்டியோடு வெளியே வந்து நின்றேன். தூறல். சரிவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் விளக்கு எரிந்தது. எந்த வீட்டிலிருந்தாவது அக்காவின் குரல் வருகிறதா என்று காது கொடுத்தேன். கையிலிருந்த போனில் மட்டும் வந்தது, சின்னதாக, வழக்கத்தைவிட நிதானமாக:

"கரியாலூர்ல இருக்கறவங்களே, இருக்கீங்களா? இருந்தா சரி. சத்தத்த கம்மியாவே வெச்சிக்கோங்க, கொழந்த தூங்கட்டும்."