அர்த்தம் எழுதாமல் விட்ட அட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அகராதி அலுவலகத்து இத்தாலிக்காரரின் உடம்புக்குள் எதுவும் நுழையாமல் போனது. இத்தாலிப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தமும் இத்தாலியச் சொல்லும் எழுதுகிற வேலை, அதனால் அந்தப் பெயர். அங்கே சொல்லுக்கு ஓர் அட்டை. முதலில் அர்த்தம், பிறகுதான் இத்தாலியம். வரிசை மாறக்கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எதுவும் உள்ளே புகாததைச் சொல்லும் 'இம்பெனட்ரபிலிட்டி' அட்டை வந்தபோது மனிதருக்கு என்ன அவசரமோ, அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று 'இம்பெனெட்ராபிலிட்டா' என இத்தாலியத்தை முதலில் எழுதிவிட்டார். அட்டையில் இறக்கிவைக்காத அர்த்தம் அவர்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை மழையில் ஊரே நனைந்தது, அவர் நனையவில்லை. லாபம்தானே என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் காலை அவர் மனைவி வழக்கம்போல இன்சுலின் போட்டபோது ஊசி வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. பெட்டி காலியானதும் டாக்டரிடம் போனார்கள். அவரும் நான்கு ஊசியை வளைத்துவிட்டுக் கையை விரித்தார். சோறு மட்டும் தடையில்லாமல் போயிற்று, அது பழகிய வாசல் போலிருக்கிறது. மனைவியின் பேச்சும் உள்ளே போகவில்லை. அதில் வித்தியாசம் தெரிய அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

விரலிலும் ஊசி இறங்காததால் சிறுநீரில்தான் சோதித்தார்கள், சர்க்கரை நாளுக்கு நாள் ஏறியது. அவர் உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் அலுவலகத்தில் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். நடுவே ஓடிவந்து அட்டையில் 'ஊடுருவ முடியாமை' என்று எழுதுவார், 'உட்புகாத் தன்மை' என்று எழுதுவார். மை உருண்டு தரையில் விழும். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மனைவி புது ஊசிப் பெட்டியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னும் எத்தனை ஊசிங்க வளையணும்? செத்துக்கித்துப் போயிடுவீங்களோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்குது. பக்கத்துலயே இருக்கேன், உள்ள வரவே முடியலியே! நான் யார்கிட்டங்க போய் அழுவேன்?"

மெய்ப்புத் திருத்தும் பெண்ணுக்குக் காதில் விழுவதைக் கை தானாக எழுதிவிடும், பழக்கதோஷம். அட்டையின் காலி இடத்தில் எழுதினாள்: 'பக்கத்திலேயே இருந்தும் உள்ளே வர முடியாமை.' மை உருளவில்லை.

"அக்கா, இப்ப குத்திப் பாருங்க" என்றாள்.

இடது முழங்கைக்குச் சற்று மேலே ஊசி இறங்கியது. "ஐயோ, வலிக்குதுடி!" என்று அலறினார் இத்தாலிக்காரர். மனைவி அங்கேயே நாற்காலியில் சரிந்து, சந்தோஷம் தாங்காமல் ஓவென்று அழுதாள்.

ஆனால் மூன்று நாள் குடியிருந்த அர்த்தம் முழுதாகக் காலி செய்யவில்லை. நாணயம் அளவுக்கு அந்த ஓர் இடம்தான் திறந்தது. மழையில் இன்றும் மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருக்கிறது, அது மட்டும் நனைகிறது. அகராதி அச்சாகிவிட்டது, அந்த அர்த்தத்தை யாரும் மாற்றவில்லை. மனைவி தினமும் காலையில் அதே இடத்தில் ஊசி போடுகிறாள். பிறகு அங்கேயே வாயை வைத்து, கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, தங்கை போன் செய்தது, முந்தின நாள் அவர்மேல் வந்த கோபம், எல்லாவற்றையும் சொல்கிறாள். அவரும் "உம், அப்புறம்?" என்று கேட்டுக்கொள்கிறார். அவர் இப்போதெல்லாம் முழுக்கைச் சட்டை போடுவதில்லை.