நிரப்பாத வட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மளிகைக் கடையில் கிடைத்தது. ராசிபுரம் கடைவீதியில் கால்படி கொத்தமல்லி வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மடித்த தாள் ஒரு வரைபடமாக விரிந்தது. கொல்லிமலை மேல், திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூர். வீட்டுக்குச் சதுரம், பாதைக்குப் புள்ளிக்கோடு, பிள்ளைகளுக்கு வட்டம். சில வட்டங்களைப் பென்சிலால் கருப்பாக நிரப்பியிருந்தார்கள். சில காலியாக இருந்தன. ஓரத்தில் பொடி எழுத்தில் நாற்பது பெயர்கள். கீழே 1939 என்று வருஷம்.

வட்டங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. கொத்தமல்லியைத் தட்டிவிட்டுத் திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். பெயர் இல்லாத அந்த ஒன்று ஊருக்கு வெளியே, ஒரு சுனையின் கரையில் இருந்தது. அங்கே வீட்டுக்கான சதுரம் கிடையாது. வட்டம் மட்டும் தாள் கிழியும்படி அழுத்தி நிரப்பப்பட்டிருந்தது.

ஒரு கதைக்கு இது போதாதா? போதும் என்றுதான் நினைத்தேன். பத்திரிகைக்காரர்கள் பேய்க் கதைக்குப் பக்கம் ஒதுக்கும் காலம் இது.

2

தொடக்கம் ஒன்று: "மலை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது." அடித்துவிட்டேன். மலை என்றைக்கு மூச்சு விட்டது, இன்றைக்கு அடக்க?

தொடக்கம் இரண்டு: "அத்தாயிக்கு மூன்று பிள்ளைகள். அவர்களில்"

இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். 'அவர்களில்' என்ற சொல்லுக்கு அப்பால் பேனா போக மறுக்கிறது.

(வாசகருக்கு ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல் வரும். பகல் பதினொரு மணிக்கு, தபால்காரரைப் போல நேரம் தவறாமல் வரும். ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததிலிருந்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த கொயினா என்ற காய்ச்சல் மாத்திரை கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. ஆகவே எங்கேயாவது வாக்கியம் பாதியில் அறுந்தால் அதைப் புதுமாதிரி எழுத்து என்று எண்ணிப் பாராட்டிவிடாதீர்கள். போர்வைக்குள் போய்விட்டேன் என்று அர்த்தம்.)

தொடக்கம் மூன்று: "சானிட்டரி இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி முள்ளுக்குறிச்சியில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு மலையேறத் தொடங்கினார்." இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் நடக்கிறார். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அர்த்தனாரியின் வேலை இது. மலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல் வருஷக்கணக்கில் தங்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அது எந்தத் தண்ணீரை ஒட்டி இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். காய்ச்சலை விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். தொட்டுத்தான் பார்க்கவேண்டும். பிள்ளையை முழங்கால் மடக்கிப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல் நுனியை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லவேண்டும். பழைய காய்ச்சல் உள்ள உடம்பில் மண்ணீரல் வீங்கிக் கட்டியாகியிருக்கும். மூச்சை இழுத்ததும் அது இறங்கிவரும். அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. விரல் அசையாமல் இருந்தால் போதும், அதுவே வந்து தொடும்.

(இவ்வளவு விவரம் ஒரு கொத்தமல்லிப் பொட்டலத்தில் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.)

நாற்பதில் முப்பத்தொன்பது பிள்ளைகளை மூன்று நாளில் பார்த்து முடித்தார். இருபத்துமூன்று பேருக்குக் கட்டி இருந்தது, அவர்கள் வட்டத்தைக் கருப்பாக நிரப்பினார். கைவசம் இருந்த சீமெண்ணெயை ஊரைச் சுற்றியிருந்த அழுக்குக் குட்டைகளில் எல்லாம் ஊற்றினார். கொசு அழுக்கில் வளரும் என்பது அவர் படித்த பாடம். ஆனால் படத்தில் கருப்பு வட்டங்கள் குட்டைகளை ஒட்டி விழவில்லை. ஊரெங்கும் சிதறிக் கிடந்தன.

சிதறலுக்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வீடாகத் திரும்பப் போய்க் கேட்டார். கட்டி உள்ள இருபத்துமூன்று பேரில் இருபத்தொரு பேர் எப்போதோ ஒருமுறை சுனைக் குடிலில் ஒன்பது ராத்திரி படுத்தவர்கள். கட்டி இல்லாதவர்களில் ஒருவர்கூட அங்கே படுத்ததில்லை.

அந்த ஊர் வழக்கம் அப்படி. யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், அது பிள்ளை பெற்ற காய்ச்சலோ முள் குத்திய காய்ச்சலோ, சுனைக்கரைக் குடிலில் ஒன்பது ராத்திரி படுக்கவைப்பார்கள். சுனைத்தாய் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்வாள் என்பது நம்பிக்கை. கரைப் புல்லை யாரும் அறுக்கமாட்டார்கள், ஆடு மாட்டை விடமாட்டார்கள். தண்ணீர் அத்தனை சுத்தம். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலிருந்தே எண்ணலாம்.

அர்த்தனாரி குனிந்து பார்த்தார். புல்லோரத்தில், ஓட்டம் மெலிந்த இடத்தில், நூல் துண்டுகள் போலச் சில கொசுப்புழுக்கள் தண்ணீரோடு மட்டமாகப் படுத்திருந்தன. அவர் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விலகி, நிழல் நகர்ந்ததும் ஒரே நேரத்தில் திரும்பிவந்தன.

"அங்க கைய வெக்காதீங்க சாமி," என்றார் சுனையைக் காக்கும் மாதன். "அது அவளோட கூந்தலுங்க. ஒரு இணுக்குப் புல்லு அறுத்தாலும் ஊரு தாங்காதுங்க."

"இந்தக் குடில்ல படுத்தவங்க எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்களா?"

மாதன் தலையாட்டினார். "அன்னிக்கு அன்னிக்கு வந்த காச்சல் போயிருமுங்க. பொறவு வாரது வேற காச்சலுங்க."

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கவேண்டும். அலுப்பாக இருந்தால் எழுதியவனைத் திட்டிக்கொண்டே படியுங்கள்.

அர்த்தனாரி இந்தப் படத்தை மேலதிகாரியிடம் காட்டினால் அவர் என்ன சொல்வார்? "காய்ச்சல்காரர்கள்தானே ஐயா குடிலுக்குப் போகிறார்கள்? போனவர்களுக்குக் கட்டி இருப்பதில் என்ன அதிசயம்?" என்பார். அவர் கேட்பதும் நியாயம். குடில்தான் நோயைத் தருகிறது என்று நிரூபிக்க, விலாவில் ஒன்றும் இல்லாமல் உள்ளே போய்க் கட்டியோடு வெளியே வந்த ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள் போதும்.

நாலாம் நாள் காலையில் அத்தாயி வந்தாள். தோட்டத்தில் மிளகுக் கொடி ஏற்றிக்கொண்டிருந்தவள், கையில் மண்ணோடு வந்தாள். இடுப்பில் ஏழு வயது மகள் பாவாயி. பிள்ளைக்கு ஒரு கன்னம் புடைத்திருந்தது. சொத்தைப் பல், அதனால் காய்ச்சல்.

"சுனைக்குப் போற வழிங்க சாமி. எல்லாப் புள்ளைங்களையும் பாத்தீங்களாமா. இவளையும் ஒருக்காப் பாத்துப்போடுங்க."

படுக்கவைத்தார். விரலை வைத்தார். பாவாயி வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள்.

"கை சில்லுனு இருக்குதுங்க."

"மூச்சை உள்ள இழு கண்ணு."

இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னார். விரலுக்குக் கீழே பஞ்சு போல வயிறு, அவ்வளவுதான். பட்டியலில் நாற்பதாவது பெயரை எழுதி ஒரு காலி வட்டம் போட்டார்.

"ஏனுங்க சாமி," என்றாள் அத்தாயி. "எம்பட பெரியவன் காச்சல்ல கெடந்தப்ப, சாமை அறுப்பு முடியட்டும்னு சுனைக்குக் கூட்டிப்போறத நாலு நாள் தள்ளிப்போட்டனுங்க. அந்த நாலு நாள்தான் அவனைக் கொண்டுபோச்சு. அடுத்தவனுக்கு ரெண்டு நாள் தள்ளினனுங்க. அவனுமில்லை. இவளுக்கு ஒரு பொழுதுகூடத் தள்ளமாட்டனுங்க. நீங்க படிச்சவங்க. உங்க புஸ்தகத்துல என்ன சொல்லுதுங்க? கூட்டிட்டுப் போலாமுங்களா?"

அர்த்தனாரி படத்தைப் பார்த்தார். காலி வட்டத்தைப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து இதே விரலை இதே இடத்தில் வைத்தால்

5

நேற்று பதினொரு மணி. மன்னிக்கவும்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். அர்த்தனாரி சொன்னார்: "போயிட்டு வாம்மா."

இந்த ஆளை நான் எப்படி உங்களுக்குப் பிடிக்கவைப்பது? நல்லவர், சம்பளத்தில் பாதியைத் தாய்க்கு அனுப்புகிறவர் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவருக்கு அந்தப் பிள்ளை சாட்சியாக வேண்டியிருந்தது. கதை எழுதுகிற எனக்கும் வேண்டியிருக்கிறது. பாவாயி குடிலுக்குப் போகாவிட்டால் இந்தப் பக்கங்களை நீங்கள் எதற்காகப் படிக்கப்போகிறீர்கள்?

இருந்தாலும் வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அர்த்தனாரி "போகாதே" என்கிறார். அத்தாயி மகளோடு வீடு திரும்புகிறாள். வீட்டை வர்ணித்தேன். அடுப்பு, உறியில் தயிர்க்கலயம், விரித்த பாய். பாய் ஈரமாக இருக்கிறது. ஏன் ஈரம்? நான் எழுதவில்லையே. மேலே படித்தால் கூரைக்கு வெளியே தண்ணீர் சலசலக்கிறது. நான் வீடு என்றுதான் எழுதினேன். பிள்ளை குடிலில் படுத்திருக்கிறாள்.

முடிவு ஆ: அர்த்தனாரி ஒன்பது நாளுக்கும் கொயினா கொடுத்தனுப்புகிறார். பாவாயி ஓடியாடி விளையாடுகிறாள். மூன்றாம் வரியில் நின்றுவிடுகிறாள். மெல்லத் தரையில் படுத்து, யாரும் சொல்லாமலே முழங்காலை மடக்குகிறாள்.

முடிவு இ: ஒரு மாதம் கழித்து அர்த்தனாரி திரும்பவும் மலையேறுகிறார். ஊர் எல்லையில் அத்தாயி நிற்கிறாள். அர்த்தனாரியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தாளுக்கு வெளியே, என்னைப் பார்க்கிறாள்.

"எம்புள்ளைக்கு என்னங்க எழுதினீங்க?"

இந்த மூன்றாவதை நான் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்து என்னுடையது.

6

பொய்யை எடுத்துவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு மேலே எழுத முடியவில்லை.

கொத்தமல்லிப் பொட்டலம் கிடையாது. அந்தப் படம் ஐந்து வருஷமாக என் தகரப் பெட்டியில் இருக்கிறது. அர்த்தனாரி என்று ஒருவர் இல்லை. காக்கிச் சட்டை என்னுடையது, சில்லென்ற கையும் என்னுடையதுதான்.

அந்த ஊரில் வெளியாட்கள் ஊருக்குள் படுக்கக்கூடாது. எனக்கு அந்த மூன்று ராத்திரிக்கும் கொடுத்த இடம் சுனைக் குடில். நல்ல காற்று, நல்ல தண்ணீர், நன்றாகத் தூங்கினேன். அத்தாயியிடம் "போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்தில் திரும்புவதாக மாதனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். இருபத்துநாலாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் பல் கிட்டியது. ஆறாவது வாரம் கட்டிலில் படுத்து, முழங்காலை மடக்கி, என் விலாவுக்குக் கீழே என் விரலையே வைத்து மூச்சை இழுத்தேன். அது வந்து தொட்டது.

நான் தேடிய சாட்சி நான்தான். ஒன்றும் இல்லாமல் உள்ளே போய் நோயோடு வெளியே வந்த ஆள். அதற்கு அந்தப் பிள்ளை தேவைப்படவே இல்லை. பெயரில்லாத வட்டத்தை அன்றைக்குத்தான் போட்டேன். பென்சில் முனை ஒடிந்தது.

அறிக்கையில் குட்டைகளைப் பற்றி எழுதினேன். குடிலைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் பாவாயியின் பெயரையும் தேதியையும் அன்று நான் சொன்ன இரண்டு வார்த்தைப் பதிலையும் எழுதவேண்டிவரும். காய்ச்சலைக் காரணம் காட்டி வேலையை விட்டேன். மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த ஐந்து வருஷத்தில் அந்தக் குடிலில் எத்தனை பேர் படுத்தார்களோ, தெரியாது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அது சின்னச் சொல்லாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதிகாரியைக் கண்டு பயமில்லை. அத்தாயியைக் கண்டுதான் பயம். நாள் தள்ளியதால் மகன்கள் போனார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை என்று நான் சொன்னால், அடுத்து எது உண்மை என்று கேட்பாள். நாள் தள்ளியது அல்ல, குடிலுக்குக் கூட்டிப்போனதுதான் கெடுத்தது என்று அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

7

பாவாயிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இருந்தால்.

காலி வட்டம் அப்படியே இருக்கிறது. அதை நிரப்பவோ, காலி என்று உறுதி செய்யவோ எனக்குத் தெம்பில்லை. இந்த உடம்போடு நான் மலையேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். இது சாக்கு என்று நீங்கள் நினைத்தால் உங்களோடு வாதாடமாட்டேன்.

ஆகவே நீங்கள் போங்கள். முள்ளுக்குறிச்சியிலிருந்து விடிந்ததும் புறப்பட்டால் வெயில் ஏறும்முன் சேரலாம். ஊர்ப் பெயரைப் படத்தின் மூலையில் எழுதியிருக்கிறேன். எங்கே படுக்கச் சொன்னாலும் குடிலில் மட்டும் படுக்காதீர்கள். மாதனிடம் அந்தப் புல்லைப் பற்றிப் பேசுங்கள். அடிக்க வந்தாலும் பேசுங்கள். அத்தாயி கேட்பாள். என்ன எழுதினார்கள் என்று கேட்பாள். நான் எழுதியது இதுதான் என்று இந்தத் தாள்களைப் படித்துக் காட்டுங்கள். எதையும் விடாமல் படியுங்கள்.

பிறகு, பாவாயி இருந்தால், படுக்கச் சொல்லுங்கள். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், நான் அதைச் செய்யவில்லை. இடது விலாவுக்குக் கீழே விரல் நுனியை வையுங்கள். அழுத்தவேண்டாம், தேடவேண்டாம்.

பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள்.