ஆணி அடிக்க யாரிடம் கேட்பீர்கள்?

கல்முனைக்குடியில் சீதனம் வாங்கிய ஆண் ஒருவர்கூட இல்லை. இதை நான் சொல்லவில்லை, என்னுடைய ஆய்வு சொல்கிறது. கொழும்பிலிருந்து என் மேற்பார்வையாளர் அந்த அத்தியாயத்தைத் தொலைபேசியில் எனக்கே வாசித்துக் காட்டியபோது நான் குசினியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மானம் அடுப்படி முழுக்கக் கேட்டது.

“ஸுஹைறா, ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லையெண்டா நீர் எதை ஆராயிறீர்? நாளைக்கு ஆய்வுக் குழுவுக்கு முன்னால இதை வைச்சா, தலைப்பை மாத்தச் சொல்லித்தான் அனுப்புவினம்.”

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மேல் பாசம் கூடினால்தான் ‘நீர்’ வரும். பாசத்தோடுதான் சொன்னார். சட்டத்தில் எம்ஃபில் செய்யப் பதிந்ததே இந்த ஒரு தலைப்புக்காகத்தான். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணைப் பெற்றவர்கள் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கோ அறைக்கோ ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் வீட்டின் உறுதிப் பத்திரம் பலநேரம் பெண்ணுடைய வாப்பாவின் பேரிலேயே கிடக்கும். கணவன் மேல்மாடி ஒன்றைக் கட்டி, பிறகு மனம் கசந்து, பாதி வீடு எனக்கு என்று நீதிமன்றத்துக்கு வந்தால் பெண் திகைத்து நிற்பாள். சட்டத்தரணியான என்னிடம் ஆகிலா என்றொரு பெண் அப்படித்தான் வழக்கோடு வந்தாள். வீடு அவளுடையது என்று ஊருக்கே தெரியும், ஆனால் சட்டத்துக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்தத்தான் நான் சட்டத்தரணிக் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வீடு வீடாகப் போய், “சீதனமாக என்ன பெற்றீர்கள்?” என்று கேட்டேன்.

எல்லாரும் ஒரே பதில்தான். அல்லாஹ்மேல் ஆணையாக ஒரு சதம் வாங்கவில்லை. பள்ளிவாசலில் சீதனத்துக்கு எதிராக எத்தனை ஜும்ஆ பிரசங்கம் நடந்திருக்கிறது, யார்தான் ஒத்துக்கொள்வார்? என் கணவர் ஜுனைட் கணித ஆசிரியர். சீதனம் வாங்காமல் முடித்தவர் என்று ஆசிரியர் ஓய்வறையில் அவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையோடு பதினான்கு வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறார்.

அன்று பின்னேரம் அவர் ட்ரில்லும் கையுமாக வீட்டு மண்டபத்தில் நின்றார். மறுநாள் சூமில் நடக்கும் குழுக் கூட்டத்தில் இணையம் அறுந்துபோகக் கூடாதென்று ரவுட்டரை என் மேசைக்கு நேரே சுவரில் பொருத்தப் போகிறாராம். பென்சிலால் அடையாளம் போட்டார். ட்ரில்லைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டு, பின்வாசல் பக்கம் தலையை நீட்டினார்.

“மாமி, இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கட்டா?”

என் உம்மா அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நிமிரவே இல்லை. “எனக்கிட்ட என்னத்துக்கு மகன் கேக்குறீங்க? புள்ளைக்கிட்டக் கேளுங்க. அவட ஊடுதானே.”

அவரும் நல்ல பிள்ளையாக என் பக்கம் திரும்பினார். “அடிக்கட்டா?”

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. படித்த பெண்ணுக்கு மண்டையில் உறைக்க இவ்வளவு காலம். சீதனம் என்றால் இங்கே காசு, காணி, நகை. வீட்டை யார் சீதனமென்று நினைத்தார்கள்? அது வீடு, பெண்ணோடு பிறந்தது. நான்தான் ஊரிடம் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு, ஊர் பொய் சொல்கிறதென்று குமைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“அடிங்க, எத்தின வேணுமெண்டாலும் அடிங்க!” என்று கத்திவிட்டு, பர்தாவை மாட்டிக்கொண்டு, போனில் ஒலிப்பதிவைப் போட்டபடி ஒழுங்கைக்குள் ஓடினேன். முன்பு பேட்டி கொடுத்த அதே வீடுகள்தான், கேள்வி மட்டும் வேறு. சுவரில் ஆணி அடிக்க யாரிடம் கேட்பீர்கள்?

மீன் வியாபாரி மசூர் காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “கேக்காம அடிச்சிட்டு மறுகா சோத்துக்கு எங்க போறதாம்?” அடுத்த வீட்டு ஸப்னா வாசலிலேயே மறித்தாள். “அவரு அடிக்கிறதா? அவரு மாப்புள, புள்ள!” அவர்களுடைய மூத்த மகன் சாதாரணதரப் பரீட்சையே எழுதிவிட்டான், அவள் கணவர் இன்னும் மாப்பிள்ளைதான். கட்டாரில் கஷ்டப்பட்டு உழைத்து இங்கே மேல்மாடி கட்டிய ஸிராஜ் மட்டும் கொஞ்சம் யோசித்தான்.

“மேல முழுக்க நான் கட்டினதான் ராத்தா. ஆனா அவக்கிட்டக் கேக்காம ஒண்டும் செய்யேலா. ஊடு அவடயல்லவா?”

அந்த ஒரு பதிலுக்கு அவனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போலிருந்தது.

மறுநாள் திரையில் குழுவின் மூன்று முகங்கள், கடைசிச் சதுரத்தில் என் மேற்பார்வையாளர். மூவரில் நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி, சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். என் புதுக் கேள்வியைக் கேட்டதும், ஆணி அடிக்க அனுமதி கேட்பது மரியாதையா, சட்டமா என்று ஆங்கிலத்தில் மடக்கினார். போனில் ஒலிப்பதிவைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். பயம் போய்விட்டிருந்தது.

சட்டம் ஏற்கும் வழக்காறு என்றால் மக்கள் தங்களைக் கட்டுப்படுத்தும் என்று நம்பி நடப்பது என்றேன். கேட்காமலும் அடிக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை ஐயா, மாடியைக் கட்டியவரே சொல்லவில்லை. அப்படிச் சொல்லி ஸிராஜின் குரலைப் போட்டுக் காட்டினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவரோடும் ஏதோ கதைத்தார். இதை எம்ஃபிலோடு நிறுத்த வேண்டாம், கேள்வியை மாற்றி எல்லா வீடுகளுக்கும் திரும்பப் போங்கள், கலாநிதிப் பட்டத்துக்கு, பிஎச்டிக்கே, உயர்த்தச் சிபாரிசு செய்கிறோம் என்றார். கடைசிச் சதுரத்திலிருந்த என் மேற்பார்வையாளர் கமராவை நிறுத்திவிட்டார். அழுதிருப்பார், எனக்குத் தெரியும்.

நான் கத்திய கத்தில் உம்மா சுளகோடு ஓடிவந்தா. விஷயம் விளங்காமலே “அல்ஹம்துலில்லாஹ்” என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. ஜுனைட்டுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. சேர்ட்டில் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு பைக்கை உதைத்தார்.

“சாய்ந்தமருதுக்குப் போய் எங்கட ஊட்டயும் சொல்லிட்டு ஓடி வாறன்!”

எங்கட ஊடு. அவருடைய உம்மா இருக்கும் வீடு. அதை எப்போதோ தங்கைக்குக் கொடுத்தாயிற்று, அங்கே தங்கையின் மாப்பிள்ளை இருக்கிறார். பதினான்கு வருடத்தில் எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பார், இன்றுதான் என் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பெண்களுக்காக வாதாடித் திரிந்தவள், இந்த மனிதருக்கு வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை.

“நில்லுங்க!” என்று செருப்புமில்லாமல் கேற்றுக்கு ஓடினேன். “இப்ப என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க!”

அவர் பிரேக் பிடித்தார். முன்சில்லு றோட்டில், பின்சில்லு எங்கள் வளவுக்குள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பைக் உறுமிக்கொண்டிருக்க, ஒலிப்பதிவைப் போட்டு நான் நீட்டியிருந்த போனையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

“என்னத்தகா? ‘எங்கட ஊடு’ எண்டதயா?”