பனிக்குவியலில் உருளைக்கிழங்கு

போன வருட நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில், முப்பதாவது கிலோமீட்டரில், நான் ஒரு தபால்பெட்டியிடம் வழி கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அது வாயைத் திறக்காததால் கோபித்துக்கொண்டு அதன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஒரு வேன் வரும். அது என்னையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போயிற்று.

காலில் குறை ஒன்றும் இல்லை. குறை வயிற்றில். யாரோ வழியில் நீட்டிய சர்க்கரைப் பாகைப் பழக்கமில்லாமல் விழுங்கினேன்; வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதன்பின் உடம்பில் எரிக்க எதுவும் இல்லை. சர்க்கரை தீர்ந்த மூளை தபால்பெட்டிக்கும் போலீஸ்காரருக்கும் வித்தியாசம் பார்க்காது.

என் நாத்தனார் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள். அந்தப் பெட்டியின் சார்பில் என்னிடம் பல முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

இந்த வருடம் நாங்கள் இருவருமே விண்ணப்பித்தோம். குலுக்கலில், பந்தயத்தில் ஓடுவதற்கான எண் விழுந்தது எனக்கு மட்டும். அவள் முகம் அரை நாள் சுருங்கியிருந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு என் வாசலில் காலணி மாட்டிக்கொண்டு நின்றாள். தனியாக ஓடினால் நான் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து வாரத்துக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். மூக்கு நுனியில் பனி கட்டும் காலம். கால்சட்டைக்கு மேல் கால்சட்டை. துணி திருத்தும் கடையில் வேலை செய்கிறவள் என்பதால் எங்கள் உடுப்புகளின் உள்பக்கம் நானே பைகள் தைத்துவிட்டேன். வெளிப்பையில் வைத்த பேரீச்சம்பழம் உறைந்து பல்லை உடைக்கும். உடம்போடு ஒட்டி இருந்தால் மென்மையாகவே இருக்கும். என் கணவர், "வீட்ல ரெண்டு பேர் ஓடுறாங்க, உருளைக்கிழங்கு மட்டும் காணாம போகுது" என்று கடைக்காரரிடம் புலம்பினாராம்.

எண்ணை வேறொருவர் பெயருக்கு மாற்ற ஒரு கடைசி நாள் உண்டு. அது இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. நான் நாத்தனாரிடம் முன்பே சொல்லியிருந்தேன்: அன்று காலை முப்பத்திரண்டு கிலோமீட்டரை எங்கும் உட்காராமல் ஓடி முடித்தால் எண் எனக்கு. முடியாவிட்டால் அவள் பெயருக்கு மாற்றிவிடுவேன். மறுபடி வேனில் ஏறி வீட்டுக்கு வர எனக்குத் தெம்பில்லை. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "மொதல்ல ஓடுவோம் அண்ணி" என்றாள்.

நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியைச் சுற்றி ஒரு சாலை உண்டு. ஒரு சுற்று எட்டு கிலோமீட்டர். நான்கு சுற்று எங்கள் கணக்கு. பாதி வழியில் நீரேற்று நிலையம். வழக்கமாக அதன் கதவில் உணவுப் பையை மாட்டி வைப்போம். போன வாரம் கதவுவரை நடந்து போய் முடிச்சை அவிழ்ப்பதற்குள் வியர்வை குளிர்ந்து நான் வெடவெடத்துப் போனேன். அதனால் இந்த முறை நாத்தனார் பையைச் சாலை ஓரத்திலேயே, கை நீட்டினால் எட்டும்படி, ஒரு கம்பத்தடியில் வைத்தாள். தேனும் உப்பும் கரைத்த வெந்நீர்க் குடுவை. உப்புப் போட்டு வேகவைத்த குட்டி உருளைக்கிழங்குகள், சூடு ஆறாமலிருக்க என் கணவரின் துவைத்த கம்பளிக் காலுறைக்குள்.

முதல் சுற்றில் இரண்டு கிழங்கு, இரண்டாவதில் மூன்று. வயிறு சமர்த்தாக வாங்கிக்கொண்டது. பனி தூறத் தொடங்கியது. எங்களைத் தாண்டி ஒரு பனி வாரும் வண்டி, மஞ்சள் விளக்கு சுழல, பெரிய தகடால் சாலையைச் சுரண்டிக்கொண்டே போயிற்று. நாத்தனார் அதற்குக் கையசைத்து நன்றிகூடச் சொன்னாள்.

மூன்றாவது சுற்றில், இருபதாவது கிலோமீட்டரில், கம்பம் இருந்தது. பை இல்லை. பை இருந்த இடத்தில் என் இடுப்பளவுக்குப் பனி. அந்த வண்டி வாரிய பனி முழுவதையும் கம்பத்தடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தது. உள்பையிலிருந்த பேரீச்சம்பழங்களும் எப்போதோ தீர்ந்திருந்தன.

அப்போது என் மனதில் ஒன்று தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. கதவில் பத்திரமாக இருந்த பையை ஏன் சாலையோரத்துக்குக் கொண்டுவந்தாள்? நான் தோற்றால் எண் யாருக்கு? பசித்த மூளைக்கு இப்படிப்பட்ட கணக்கு மட்டும் வேகமாக வரும். திரும்பிப் பார்த்தேன். அவள் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு, முழங்காலிட்டு, வெறும் கையால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்து போயிருந்தன. நானும் பக்கத்தில் விழுந்து தோண்டத் தொடங்கினேன், வெட்கத்தை மறைக்க.

பனி வாரும் வண்டி மறுபடி அந்தப் பக்கம் வந்தது. இரண்டு பெண்கள் அழாத குறையாகப் பனியைக் கிளறுவதைப் பார்த்து ஓட்டுநர் பதறிப் போனார். மண்வெட்டியோடு குதித்து ஓடிவந்தார்.

"யாரும்மா உள்ள?"

"காலுறை" என்றேன்.

"கால் உள்ள மாட்டிருக்கா?"

"கால் இல்லண்ணே. உருளைக்கிழங்கு" என்றாள் நாத்தனார்.

அவர் மண்வெட்டியை ஊன்றி எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நிற்கிற சிரிப்பு இல்லை. நாத்தனாரையும் தொற்றியது. மூச்சு வாங்கியபடி அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடிப் போயிற்று. தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று, எட்டு முறையாவது மண்வெட்டியால் குத்திப் பார்த்தார். பை அகப்படவில்லை. வண்டியில் ஏறித் தன் மதிய உணவுப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஜாம் தடவிய ரொட்டி நான்கு துண்டு. குடுவையில் பால் கலக்காத தேநீர், சர்க்கரை தூக்கலாக.

"எனக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியுது. வீட்ல போய் சாப்டுக்கறேன்" என்றார்.

பழகாததைத் தொடுவதில்லை என்பது ஒரு வருடமாக நான் காத்த விரதம். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் சாப்பாட்டை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரு மனிதர் குளிரில் நிற்கிறார். கண்ணை மூடி, கடவுளே, இதைத் தங்கவிடு என்று கேட்டுக்கொண்டு ரொட்டியைக் கடித்தேன். தேநீர் தொண்டையில் இறங்கியபோது காதுவரை சூடு ஏறியது.

தங்கியது. கிழங்கைவிட நன்றாகவே தங்கியது.

அதோடு அவர் விடவில்லை. பனி கூடிவிட்டதால் எங்களுக்கு முன்னால் மெதுவாக வாரிக்கொண்டே போனார். அமைச்சர் வண்டிக்குப் பின்னால் போகும் பரிவாரம் மாதிரி, மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஓடினோம். எதிரே நாயோடு வந்த ஒரு பெரியவர் ஒதுங்கி நின்று எங்களுக்கு வணக்கம் வைத்தார். நாங்களும் பதிலுக்கு வைத்தோம். சிரித்ததில் விலா வலித்தது.

மனதில் வைத்துக்கொண்டு ஓட முடியவில்லை. "ஒரு நிமிஷம் உன்னத் தப்பா நெனச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும் அண்ணி. உங்க மூஞ்சியில முகவரியோட எழுதியிருந்துது." வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். "போன மாசம் உங்களுக்கு ஜலதோஷம் வந்துதில்ல? அது இன்னும் ரெண்டு வாரம் இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். அப்புறம் பயந்து போயி சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் சூப் வெச்சுக் கொண்டாந்தேன்."

"அதான் உப்பு இல்லாம இருந்துதா?"

"பயத்துல மறந்துட்டேன்."

மனிதர்கள் நல்லவர்களாகவே பிறந்துவிடுவதில்லை. கெட்ட நினைப்பு வந்த பிறகும் சூப் வைக்கிறார்கள் பாருங்கள், அதுவே போதும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. அப்போது இருபத்தெட்டாவது கிலோமீட்டர். தொடை இரண்டும் மரக்கட்டை.

கிளம்பிய இடமான வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்று புள்ளி ஆறு. ஓட்டுநர் ஒரு வளைவைச் சுற்றாமல் குறுக்குப் பாதையில் போயிருக்கிறார். பரிவாரமும் பின்னாலேயே போயிருக்கிறது. நானூறு மீட்டர் குறை.

நின்றுவிட்டேன். முழங்காலில் கை வைத்துக் குனிந்தேன். கால் கெஞ்சியது. சொன்ன சொல் சொன்னதுதானே. "போதும். சாயங்காலம் உன் பேருக்கு மாத்திடறேன்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். எனக்கு வருத்தம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு.

அவள் ஒரு கணம் நின்றாள். அந்தக் கணத்தில் அவள் கண்ணில் ஆசை இருந்ததை நான் பார்த்தேன். பிறகு என் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நானூறு மீட்டர் கொறைஞ்சுதுன்னு கெடைக்கற எண் எனக்கு வேணாம். நடங்க. நடக்காதீங்க, ஓடுங்க."

திரும்ப ஏரிச் சாலைக்குப் போக எனக்குத் தெம்பில்லை; நிறுத்துமிடம் முழுக்கப் பனி. வாரியிருந்தது அந்த வண்டியைச் சுற்றி மட்டும்தான். அதையே சுற்றினோம். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து மீட்டர். செக்குமாடு தோற்றது. ஓட்டுநருக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் எங்களைத் தேடித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். புரிந்ததும் ஜன்னலை இறக்கி எண்ணத் தொடங்கினார். ஒன்பது, பத்து. பன்னிரண்டில் நான் வழுக்கினேன். அவள் இழுத்து நிமிர்த்தினாள். பதினைந்தை இரண்டு முறை எண்ணிவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பதினாறில் என் கடிகாரம் கிணுகிணுத்தது.

நாங்கள் இருவரும் வண்டியின் பெரிய சக்கரத்தில் சாய்ந்து நின்றோம். அவர் ஒலிப்பானை ஓங்கி அழுத்தினார். நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். அழுகை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் சிவந்த கையை எடுத்து, என் உடுப்பின் உள்பைக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அங்கே சூடாக இருந்தது.